கப்பல் இருந்த இடம்

அவருக்குக் கப்பல் என்று பெயர் வைத்தது சுருட்டைதான். பதினாறு சக்கர லாரியை ஒரு குறுகலான சந்துக்குள் ரிவர்ஸிலேயே கொண்டுபோய், இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம் விட்டு நிறுத்திவிட்டு, ஒன்றுமே நடக்காதவர்போல இறங்கி வந்து டீ கேட்டிருக்கிறார். "இவன் லாரி ஓட்டலடா, கப்பலக் கரை சேக்குறான்" என்று சுருட்டை சொன்னது அங்கே நின்றிருந்த ஆறு டிரைவர்களுக்கும் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து முதலாளிகூட அவரை அப்படித்தான் கூப்பிட்டார். சுருட்டைக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்பதற்கு இப்போது அவர் தலையில் ஆதாரம் எதுவும் கிடையாது. பழைய லைசென்ஸ் போட்டோவைக் காட்டித்தான் புது ஆட்களை நம்பவைக்க வேண்டும்.

இருபத்திரண்டு வருடம் இரண்டு பேரும் ஒரே கம்பெனி. முன்னால் ஒரு வண்டி, பின்னால் ஒரு வண்டி. சுருட்டைக்குத் தனியாக ஓட்டப் பிடிக்காது. கண்ணாடியில் கப்பலின் வண்டி தெரிந்தால்தான் அவருக்குக் கால் ஆக்ஸிலேட்டரில் நிம்மதியாக உட்காரும். "நீ பின்னாடி வந்தா எனக்குத் தூக்கமே வராதுடா. தூங்கினா நீ வந்து இடிச்சிருவியேங்கிற பயம்" என்பார். இரண்டு பேருக்கும் நடுவில் சாப்பாட்டுத் தூக்கு ஒன்றுதான். எவர் வீட்டில் கட்டிக் கொடுத்தாலும் அது இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான்.

கப்பலுக்குக் கண் போனது சத்தமே இல்லாமல் நடந்தது. வலி இல்லை, சிவப்பு இல்லை, தண்ணீர் வடியவில்லை. ஒருநாள் காலை கம்பெனி வாசலில் வண்டியைத் திருப்பும்போது இடதுபக்கம் ஒரு சைக்கிள்காரர் கத்தினார். இறங்கிப் பார்த்தால் அவருடைய பை வண்டியின் பக்கவாட்டுக் கொக்கியில் மாட்டிக் கிழிந்திருந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கப்பல் உடனே வண்டியில் ஏறவில்லை. ஏனென்றால் அந்தப் பக்கம் பார்த்துத்தான் திருப்பினார், சைக்கிள் கண்ணில் படவே இல்லை. கவனக்குறைவு என்றால்கூட மனது சமாதானம் ஆகியிருக்கும்.

கண் மருத்துவர் அவரை ஒரு பெட்டிக்கு முன்னால் உட்காரவைத்து, முகவாயைத் தாங்கியில் வைக்கச் சொன்னார். நடுவில் உள்ள புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும், ஓரத்தில் வெளிச்சம் மின்னினால் கையில் இருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். கப்பல் பதினொரு தடவை அமுக்கினார். ஒன்றையும் விடவில்லை, நன்றாகத்தான் செய்தோம் என்று நினைத்துக்கொண்டு எழுந்தார்.

"அறுபது தடவ வெளிச்சம் வந்துச்சுங்க" என்றார் மருத்துவர். "கண்ணுல அழுத்தம் கூடி நரம்பு கெட்டுப்போச்சு. நேரா இருக்கறது தெரியும். பேப்பர் படிக்கலாம், போன் பாக்கலாம். ஆனா ரெண்டு பக்கமும் சுவர் நெருங்கி வந்துட்டு இருக்கு. சொட்டு மருந்து போட்டா சுவர் அங்கயே நிக்கும், பின்னாடி போகாது. வண்டிய மட்டும் இனி தொடாதீங்க."

கம்பெனியில் முதலாளியிடம் மட்டும் சொன்னார். முதலாளி நல்ல மனிதர், வெளியே விடவில்லை. "வண்டி ஷெட்டுல இருக்கு, என்னை வேற டிப்போ வண்டிக்கு மாத்திட்டாங்க" என்று கப்பல் நண்பர்களிடம் சொன்ன பொய்க்கு அவரும் தலையை ஆட்டிவைத்தார். சுருட்டையிடம் சொல்லத்தான் இரண்டு முறை வாய் எடுத்தார். இரண்டு முறையும் சுருட்டை வேறு எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அப்படியே தள்ளிப்போயிற்று.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. டிரைவர்கள் எல்லாரும் போனில் ஒரு ஆப்பில் குழு வைத்திருந்தார்கள். நாலாம் கியர் என்று பெயர். அதைத் திறந்தால் ஒரு வரைபடம் வரும். அதில் நாற்பது பேரின் முகமும் சின்னச் சின்ன வட்டங்களாக, அவரவர் இருக்கும் இடத்தில் நகர்ந்துகொண்டிருக்கும். யார் எந்தப் பாலத்தில், யார் எந்தச் சோதனைச் சாவடியில், எல்லாம் தெரியும். பாதிப் பேச்சு அதை வைத்துத்தான். "என்ன தொப்பி, ஒரு மணி நேரமா அதே டீக்கடைல நிக்கறே, கடைய எழுதி வாங்கிட்டியா?" என்கிற மாதிரி. ஆறு மாதத்துக்கு முன்னால் ஹாரன் என்று ஒருவர் முதுகில் ஆபரேஷன் ஆகி வண்டியை விட்டார். மூன்று வாரம் எல்லாரும் விசாரித்தார்கள். பிறகு அவருடைய முகம் அவர் வீட்டின் மேலேயே அசையாமல் நின்றது. யாரும் எதுவும் கேட்கவில்லை. வேண்டுமென்றே இல்லை. ஓடுகிறவனிடம் கேட்க நூறு இருக்கிறது. படுத்திருப்பவனிடம் "எப்படி இருக்கே" என்பதற்கு மேல் என்ன கேட்பது? கப்பலே அவரைக் கூப்பிட்டு எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

தன் முகமும் அப்படி வீட்டு மேல் நிற்பதை அவர் பத்து நாள் பார்த்தார். பதினோராம் நாள் தெருமுனை மொபைல் கடைக்குப் போனார்.

கடைக்காரப் பெண்ணிடம் சுற்றிவளைத்துக் கேட்டார். "நான் இங்க இருக்கும்போது, வேற எடத்துல இருக்கற மாதிரி காட்ட முடியுமாம்மா?"

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "வீட்டுல ஆன்ட்டிக்குத் தெரியாமலா அங்கிள்?"

"அட, அவளுக்குத் தெரிஞ்சுதான்."

அவள் சிரித்துக்கொண்டே இன்னொரு ஆப்பைப் போட்டுக் கொடுத்தாள். வரைபடத்தில் விரலை எங்கே வைக்கிறோமோ, போன் தான் அங்கே இருப்பதாக நம்பிவிடும். எங்கிருந்து எங்கே, என்ன வேகம் என்று போட்டால் தானாகவே நகரவும் செய்யும்.

தானாக நகர்வது கப்பலுக்குப் பிடிக்கவில்லை. வேகத்தடையில்கூட அது வேகத்தைக் குறைக்காமல் போயிற்று. இரண்டு நாளில் அதை நிறுத்திவிட்டு விரலாலேயே ஓட்ட ஆரம்பித்தார். விடிந்ததும் குளித்து, சட்டை மாட்டி, பின்னறை ஜன்னலோரம் நாற்காலியில் உட்காருவார். கால் மணிக்கு ஒருதரம் புள்ளியை நகர்த்துவார். லோடு வண்டி அந்த மேட்டில் எவ்வளவு திணறும், மழை பெய்தால் எந்த வளைவில் மெதுவாகப் போக வேண்டும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. செங்கல் சூளைக்கு எதிரே பதினைந்து நிமிடம் டீக்கு நிற்பார். அந்த நேரம் மனைவி டீ கொண்டுவந்து வைப்பாள்.

அவளுக்கு பிஸ்கட் ஃபேக்டரியில் பேக்கிங் பிரிவில் காலை ஷிஃப்ட். மத்தியானம் இரண்டேகாலுக்கு வீடு வந்துவிடுவாள். விடுமுறை நாளில்தான் காலை டீ அவள் கையால். முதலில் அவளும் விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள். "எங்க இருக்கீங்க?" என்று சமையலறையிலிருந்து கேட்பாள். "பாலம் தாண்டியாச்சு" என்பார். "அப்படியே வர்ற வழில கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க" என்பாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள். நான்காவது மாதம் அவள் கேட்பதை நிறுத்தினாள்.

"சுருட்டை அண்ணனுக்காச்சும் சொல்லிடுங்க" என்றாள் ஒருநாள். "அவரு உங்களக் கேலி பண்ணுவாரா என்ன?"

"கேலி பண்ண மாட்டான். பாவம் பாப்பான். அதுதான் எனக்கு ஆகாது."

"ஊரையே ஏமாத்திட்டு ஒக்காந்திருக்கீங்க."

"யாருக்கு என்ன குறைஞ்சுபோச்சு? ஒரு புள்ளி. அது இங்க இருந்தா என்ன, அங்க இருந்தா என்ன?"

அந்தப் புள்ளியை அவர் மிகவும் ஜாக்கிரதையாக வைத்திருந்தார் என்பது உண்மை. சுருட்டையின் வண்டிக்கு எப்போதும் ஒரு மணி நேரமாவது தள்ளியே இருப்பார். சுருட்டை எங்கேயாவது காத்திருக்கிறேன் என்றால், லோடு மாறிவிட்டது, வேறு பாதை என்று சொல்லித் தப்பிப்பார். "நீ என்னடா, இப்பல்லாம் மந்திரி மாதிரி ஆயிட்டே, பாக்கவே முடியல" என்று சுருட்டை குறைபட்டுக்கொள்வார். தினமும் பதினோரு மணிக்கு ஹெட்போன் மாட்டிக்கொண்டு கூப்பிட்டு, ஒரு மணி நேரம் எதையாவது பேசிக்கொண்டே ஓட்டுவார். மகள் படிப்பு, மாமியார் முழங்கால், முதலாளியின் மகன் அடிக்கும் சென்ட். கப்பல் ஜன்னலோரம் உட்கார்ந்து, இடையிடையே ஹாரன் அடிக்க முடியாத குறை ஒன்றைத் தவிர மற்றபடி பழையபடியே பதில் சொல்வார்.

அன்றைக்கு சுருட்டையின் குரல் இறங்கியிருந்தது.

"ஏன்டா, தூங்கலியா?"

"தூங்கினேன். என்னமோ சலிப்பா இருக்குடா. காட்டுச் சாலைல தனியாப் போகவே பிடிக்கல. முன்னயெல்லாம் நீ பின்னாடி வருவே."

காட்டுச் சாலை முப்பத்தெட்டுக் கிலோமீட்டர். கடை கிடையாது, வீடு கிடையாது. ஒரு முனையில் சோதனைச் சாவடி, மறுமுனையில் ஒரு டீக்கடை, நடுவில் கிலோமீட்டர் கற்களும் மரங்களும்தான். கப்பலுக்கு மனது கேட்கவில்லை. இத்தனை மாதம் காத்த தூரத்தை அன்றைக்கு அவரே விட்டார். "நானும் அந்தப் பக்கந்தான்டா வர்றேன். நீ போய்க்கிட்டே இரு, பின்னாடிதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, மத்தியானம் சுருட்டை சோதனைச் சாவடியைத் தாண்டியதும் புள்ளியையும் அங்கே வைத்து, பின்னாலேயே நகர்த்தினார். நண்பனுக்குத் துணையாக இருக்கட்டும் என்றுதான் வைத்தார். இதை அவர் பின்னால் பலரிடம் சொன்னபோது யாரும் மறுக்கவில்லை, யாரும் ஆமாம் என்றும் சொல்லவில்லை.

மத்தியானம் இரண்டு பத்துக்கு போன் அடித்தது.

"கப்பல்… நெஞ்சு என்னமோ பண்ணுதுடா."

"என்னடா சொல்றே?"

"வண்டிய ஓரங்கட்டிட்டேன். பதினாலாவது கல்லு. இடது கை மரத்துப்போச்சு. வேர்த்து ஊத்துது. மேப்புல பாத்தேன், நீ எட்டாவது கல்லுகிட்ட காட்டுது. ஆறே கிலோமீட்டர்தான். வந்துருடா."

இருபத்திரண்டு வருடத்தில் சுருட்டை 'வா' என்று சொல்லி அவர் போகாமல் இருந்ததில்லை. பஞ்சருக்குப் போயிருக்கிறார், போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார், பிரசவ வார்டுக்குப் போயிருக்கிறார். புத்தி விழிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"இதோ வந்துட்டேன்டா."

"சரி. சரிடா" என்றார் சுருட்டை. அவர் மூச்சு கொஞ்சம் இளகியது போனில் கேட்டது. "அப்ப பயமில்ல." போன் அறுந்தது.

கப்பல் நாற்காலியிலிருந்து எழுந்தார். கதவுவரை போனார். எங்கே போவது? சாலை முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. திரும்ப போன் போட்டார், எடுக்கவில்லை. இன்னும் ஒருதரம் போட்டார். பிறகுதான் அவசர எண் ஞாபகம் வந்தது. எந்தச் சாலை, எந்தக் கல், எந்தப் பக்கம் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். "நீங்க ஸ்பாட்லதான் இருக்கீங்களா சார்?" என்று அந்தப் பெண் கேட்டாள். "இல்ல" என்றார். அத்தனை மாதத்தில் அவர் சொன்ன முதல் உண்மை அதுதான், யாரென்றே தெரியாத ஒருத்தியிடம். ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றாள்.

குழுவில் சுருட்டை பேசி அனுப்பியது வந்திருந்தது. "நெஞ்சு வலி. பதினாலாவது கல்லுல நிக்கறேன். பயப்படாதீங்க, கப்பல் பின்னாடியே வர்றான்." அதன்கீழே பத்துப் பதினைந்து பேர், நல்லவேளை, கப்பல் அண்ணே இருக்காரு, சீக்கிரம் போங்கண்ணே என்று போட்டிருந்தார்கள்.

மனைவி அப்போதுதான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டாள். அவர் சொல்லி முடிக்கும்வரைகூட அவள் காத்திருக்கவில்லை.

"முன்னாடி போறவங்க யாராச்சும் இருப்பாங்கல்ல? கூப்பிடுங்க!"

வரைபடத்தில் தொப்பி என்கிற டிரைவர் பையனின் முகம் தெரிந்தது. அதே காட்டுச் சாலை, சுருட்டைக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. கப்பலின் விரல் அதன்மேல் நின்றது.

"கூப்பிட்டா… நீங்க எங்கண்ணே இருக்கீங்கன்னு கேப்பானே."

மனைவி அவரைப் பார்த்தாள். முப்பது வருடத்தில் அவள் அவரை அப்படிப் பார்த்ததில்லை. எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று அவருக்குத் தெரியாது. போனைப் பிடுங்கினாள்.

"தம்பி, நான் கப்பல் வீட்டம்மா பேசறேன். அவரு அங்க இல்லப்பா. வீட்டுல இருக்காரு. மேப்புல காட்டறது பொய். சுருட்டை அண்ணன் பக்கத்துல யாருமே இல்ல. நீ திரும்பிப் போப்பா, உனக்குப் புண்ணியமாப் போகும்!"

அந்தப் பக்கம் தொப்பி என்ன சொன்னான் என்பது கப்பலுக்குக் கேட்கவில்லை. அப்போது மணி இரண்டு இருபத்தைந்து.

தொப்பியும் ஆம்புலன்ஸும் பதினாலாவது கல்லுக்கு ஏறக்குறைய ஒன்றாகத்தான் போய்ச் சேர்ந்தார்கள். மணி மூன்று. சுருட்டை கேபினில் இல்லை. கீழே இறங்கி, பின் சக்கரத்தில் சாய்ந்து, வந்த பாதையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பின்னால் வருகிறவன் கண்ணில் உடனே படவேண்டும் என்று இறங்கியிருக்க வேண்டும். மூச்சு இருந்தது. ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும்போது அதுவும் இல்லை.

மறுநாள் கப்பலும் மனைவியும் பஸ் ஏறி சுருட்டையின் வீட்டுக்குப் போனார்கள். தெருமுனையிலேயே தொப்பி மறித்தான். எப்போதும் தலையில் இருக்கும் தொப்பியைக் கையில் கசக்கிப் பிடித்திருந்தான். முப்பது வயதுப் பையன், ஒரு நாளில் முகம் தொங்கிப்போயிருந்தது.

"அண்ணே, முதல் மெசேஜ் வந்தப்பவே நான் கேட்டுட்டேன். பன்னெண்டு கிலோமீட்டர்தான் முன்னாடி இருந்தேன். வண்டியத் திருப்ப இடம் பாத்துட்டே போனேன். அப்பறம் மேப்புல உங்க மூஞ்சியப் பாத்தேன். நீங்க கிட்டக்க இருந்தீங்க. நீங்க போனா நான் போனதுக்குச் சமம்னு…" தொப்பியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "சுருட்டை அண்ணன் வீட்டு அக்காகிட்ட நான் சொல்லிட்டேன். நீங்க அங்க போய்ச் சேந்துட்டீங்க, உங்க மடிலதான் படுத்திருந்தாருன்னு. வேற யாருக்கும் எதுவும் தெரியாது. அதையே வச்சுக்கங்கண்ணே."

கப்பல் வாயைத் திறந்தார். வீட்டுக்குள்ளே அழுகைச் சத்தம் எழுந்தது. கூட்டத்தில் எல்லாரும் அவருக்கு வழிவிட்டார்கள். ஒருவர் வந்து அவர் கையைப் பிடித்து, "நீங்களாச்சும் கூட இருந்தீங்களே" என்றார். அவர் கையை உருவிக்கொள்ளவில்லை. அது அவரைப் பிறகு ரொம்ப நாள் அரித்தது.

எல்லாம் முடிந்து மூன்றாம் நாள் சுருட்டையின் மனைவி ஆள் அனுப்பினாள். போவதற்கு முன் கப்பல் தன் மனைவியிடம் கேட்டார், சொல்லிவிடட்டுமா என்று.

அவள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "உங்க பாரம் இறங்கணும்னு சொல்றதா இருந்தா சொல்லாதீங்க. பாவம், அவ தலைல ஏத்தாதீங்க. அவளுக்குத் தெரியணும்னு தோணினா சொல்லுங்க. எது எதுன்னு எனக்குத் தெரியல."

அவருக்கும் தெரியவில்லை.

சுருட்டையின் வீடு இரண்டே அறை. கம்பெனியிலிருந்து கொடுத்தனுப்பிய பொருட்கள் கட்டிலில் கிடந்தன: ஒரு போர்வை, சீப்பு, தண்ணீர் கேன், மருந்துச் சீட்டு, ஒரு கண்ணாடிக் கூடு. வழுக்கைக்கு எதற்கடா சீப்பு என்று கப்பல் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன சீப்பு. அவள் அவரைக் கட்டிலிலேயே உட்காரச் சொல்லி, எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, நீங்க இருந்தீங்கங்கறதாலதான் நான் உயிரோட இருக்கேன்" என்றாள். "வழில, அநாதையா, யாருமில்லாமப் போயிருந்தா என்னால தாங்கியிருக்க முடியாது. கடைசியா என்ன பேசினாரு? தண்ணி கேட்டாரா? அவருக்குப் பதட்டம் வந்தா நாக்கு வறண்டுபோகும். தண்ணி குடுத்தீங்களா?"

கப்பலால் எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்க முடியும். சுருட்டை என்ன பேசியிருப்பார் என்பது அவருக்குத் தெரியும், அதே குரலில் சொல்லவும் தெரியும். ஆனால் கொடுக்காத தண்ணீரைக் கொடுத்ததாகச் சொல்ல நாக்கு எழவில்லை.

"தங்கச்சி… நான் அங்க இல்லம்மா."

அவள் புரியாமல் பார்த்தாள். அவர் சொன்னார். கண் போனது, வேலை போனது, மொபைல் கடை, புள்ளி. தன்னை இறக்கியும் சொல்லவில்லை, ஏற்றியும் சொல்லவில்லை. 'இதோ வந்துட்டேன்' என்று சொன்னதைச் சொன்னார். தொப்பியைக் கூப்பிடத் தயங்கியதைச் சொன்னார். தொப்பி சொன்ன பொய் நல்ல மனதால் சொன்னது, அவனைத் திட்டாதே என்றும் சொன்னார். எல்லாம் முடிந்தபிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்ப தனியாத்தான் இருந்தாரா?"

"ஆமாம்மா."

அவள் எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகைச் சத்தம் வரும் என்று அவர் காத்திருந்தார். வரவில்லை. அரை மணி நேரம் கழித்து, மகள் வந்து, "அம்மா உங்களப் போகச் சொல்றாங்க பெரியப்பா" என்றாள்.

அன்றே குழுவிலும் எழுதினார். எட்டு வரி. சிலர் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். ஒருவர் அவர் கண்ணைப் பற்றி மிகவும் கேவலமாக ஒன்று எழுதினார், பிறகு அழித்துவிட்டார். ஹாரன் மட்டும் போன் செய்தார். "உனக்கு நான் என்ன சொல்றதுன்னு தெரியலப்பா. ஆனா நீ ஏன் அப்படிப் பண்ணினேன்னு எனக்குத் தெரியும்" என்றார். அதைக் கேட்டுத்தான் கப்பல் முதல்முறையாக அழுதார். தொப்பி பேசவில்லை. அவன் அந்தப் பாதையே வேண்டாம் என்று வேறு கம்பெனிக்குப் போய்விட்டதாகக் கேள்வி.

ஒன்றரை மாதம் போயிருக்கும். சுருட்டையின் மனைவியிடமிருந்து போன் வந்தது. விசாரிப்பு எதுவும் இல்லை. "அண்ணா, அந்த எடத்த எனக்குக் காட்டணும்" என்றாள்.

கப்பலும் மனைவியும் அவளும் ஒரு காலை பஸ்ஸில் கிளம்பினார்கள். அவள் இவர்களோடு உட்காராமல் இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்தாள். சோதனைச் சாவடி தாண்டியதும் கப்பல் கிலோமீட்டர் கற்களைத் தேடினார். அவருக்கு நேரே டிரைவரின் தலையும் ஒரு துண்டு சாலையும் மட்டும்தான் தெரிந்தன. கற்கள் இருந்த ஓரம் முழுக்க அவருக்கு இல்லை. இருபத்திரண்டு வருடம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன் என்று பீற்றிக்கொண்ட பாதையில், மனைவி ஒவ்வொரு கல்லாகப் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. பதினொண்ணு. பன்னெண்டு. பதிமூணு.

கண்டக்டர், "இங்கயா? இங்க ஒண்ணுமே இல்லியே" என்றார். மூன்று பேரும் இறங்கினார்கள். சொன்னபடி ஒன்றுமே இல்லை. மரங்கள், சருகு, ஒரு காலி தண்ணீர் பாட்டில். வெயில் இலைகளுக்கு நடுவில் சில்லறையாய் விழுந்திருந்தது.

"எந்தப் பக்கமாப் பாத்து ஒக்காந்திருந்தாரு?"

தொப்பி அன்றைக்குச் சொன்ன திசையில் கப்பல் கையை நீட்டிக் காட்டினார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, சாலையோரத்தில், அந்தத் திசையைப் பார்த்தபடி கீழே உட்கார்ந்தாள்.

"எத்தன மணிக்கு உங்களுக்குப் போன் பண்ணினாரு?"

"ரெண்டு பத்து."

"எத்தன மணிக்கு அவங்க வந்தாங்க?"

"மூணு."

அவள் தன் போனை எடுத்து மணி பார்த்துவிட்டு, மடியில் வைத்துக்கொண்டாள். என்ன செய்கிறாள் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. மனைவி அவர் கையைப் பிடித்துக் கொஞ்சம் தள்ளி அழைத்துப்போய் நிறுத்தினாள். ஒரு லாரி தூரத்தில் முனகிக்கொண்டே வருவது கேட்கும். அவள் தலை நிமிரும். லாரி வந்து, காற்றை வாரி அடித்துவிட்டுக் கடந்துபோகும். அவள் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பவும் பாதையைப் பார்ப்பாள். அப்படி நான்கு வண்டிகள் போயின. ஐந்தாவதாக ஒரு கார். பிறகு ரொம்ப நேரம் எதுவுமே வரவில்லை. ஒரு பறவை மட்டும் விட்டுவிட்டுக் கத்தியது. கப்பலுக்குக் கால் கடுத்தது. மணி எவ்வளவு என்று கேட்கப் பயமாக இருந்தது. முடிந்திருக்கும் என்று இரண்டு முறை நினைத்தார்.

கடைசியில் அவள் போனைப் பார்த்தாள்.

"இவ்வளவு நேரமா?" என்றாள், யாரிடம் என்றில்லாமல். "இவ்வளவு நேரமா பாத்துட்டு இருந்தாரு?"

கப்பல் கிட்டே போனார். அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவள் அவரைப் பார்த்தாள். கோபம் இல்லை. அது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அண்ணா, நீங்க கெட்டவர் இல்ல. அது எனக்குத் தெரியும். அவரும் அப்படித்தான் சொல்லுவாரு" என்றாள். "ஆனா இனிமே எங்க வீட்டுக்கு வராதீங்க. உங்களப் பாத்தா எனக்கு இந்த ரோடு ஞாபகம் வரும். போனும் பண்ணாதீங்க. மக கல்யாணத்துக்குச் சொல்லி அனுப்புவேன், அதுக்கும் வராதீங்க."

"சரிம்மா" என்றார்.

எதிர்ப்பக்கம் பஸ் வரும் சத்தம் கேட்டது. அவருக்கு அது எங்கே வருகிறது என்று தெரியவில்லை. மனைவி கை காட்டி நிறுத்தினாள். சுருட்டையின் மனைவி முன்வாசலில் ஏறினாள். இவர்கள் பின்வாசலில் ஏறிக் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள்.